'நான்', 'நாம்', 'தான்': வில்லிபுத்தூர்ப் பாசுரங்களில் தன்னிலையின் கூறுகள்

பேசுபவனைக் குறிக்கும் இடத்திற்குத் தமிழிலக்கணம் 'தன்மை' என்று பெயரிட்டது. ஒரு பொருளின் இயல்பைக் குறிக்கவும் அதே சொல்லே வழங்குகிறது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அச்சொல்லின் அடியைப் பார்க்கும்போது வேறொரு செய்தியும் புலப்படுகிறது. 'நான்' என்பதன் வேற்றுமை அடி 'என்'. 'யாம்' என்பதன் அடி 'எம்'. 'தன்மை' இவ்விரண்டிலிருந்தும் பிறக்கவில்லை. அது 'தான்' என்பதன் அடியாகிய 'தன்' என்பதிலிருந்து வந்தது. 'தான்' படர்க்கைக்குரிய தற்சுட்டுப் பெயர்; 'அவன் தன் ஊருக்குப் போனான்' என்பதில் வருவது. ஆகவே, பேசுபவனின் இடத்திற்குத் தமிழ் வைத்த பெயரே அவனைச் சற்று வெளியிலிருந்து பார்க்கும் பெயராக இருக்கிறது.

இந்தச் சிறு இலக்கணக் குறிப்பு, ஒருவரின் தன்னிலை எவ்வெவற்றால் ஆனது என்னும் பெரிய வினாவுக்குப் பயன்படுமா என்பதை வில்லிபுத்தூரில் பிறந்த இரண்டு நூல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, பெரியாழ்வார் என்னும் விட்டுசித்தர் பாடியது. திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களையும் சேர்த்து 473 பாசுரங்கள் கொண்டது. மற்றொன்று, அவர் மகள் கோதை பாடியது. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இவற்றோடு, வில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 11 கி.மீ. தொலைவிலுள்ள இராசபாளையத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்த தெலுங்குக் காப்பியம் ஒன்றும் பின்னர் இடம்பெறும்.

இரவற்குரலும் சொந்தக்குரலும்

பெரியாழ்வாரின் திருமொழியில் பேசுவோர் பலர். தொட்டிலாட்டுபவளும், நிலவை அழைப்பவளும், காது குத்த வரச்சொல்லிக் கெஞ்சுபவளும், நீராட்டுபவளும், பூச்சூட்டுபவளும் யசோதையே. வேறிடத்தில், காதல் கொண்ட மகளை எண்ணி வருந்தும் ஒரு தாய் பேசுகிறாள். மாலோடு சென்றுவிட்ட மகளை நினைந்து வெறுமையான வீட்டில் புலம்புபவளும் ஒரு தாய்தான். மற்றோரிடத்தில் கன்றுகளோடு திரும்பும் கண்ணனைக் கண்டு ஆயர் மகளிர் தம்முள் பேசிக்கொள்கின்றனர். செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணிய தொல்காப்பிய மரபில் இது புதிதன்று. புதிதாக இருப்பது ஒவ்வொரு திருமொழியின் இறுதியிலும் நிகழ்வதே.

அம்புலியை அழைக்கும் திருமொழியின் கடைப்பாசுரம், யசோதை தன் மகனுக்குச் சொன்ன மொழியை விட்டுசித்தன் தமிழில் விரித்தான் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சொன்னவள் ஒருத்தி, விரித்தவன் ஒருவன். அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. தலைவியின் 'நான்' பெயரற்றதாக இருப்பதால்தான் எவரும் அதற்குள் நுழைய முடிந்தது. ஆழ்வார்கள் அக்குரலை வாங்கிக்கொண்டு அதன் முடிவில் தம் பெயரையும் ஊரையும் பொறித்தனர். பெயரற்ற 'நான்' ஒன்றும், பெயரும் ஊரும் உடைய 'அவன்' ஒருவனும் ஒரே பதிகத்தில் அருகருகே நிற்பது இவ்வாறுதான் நேர்ந்தது.

விட்டுசித்தர் தம் குரலில் பேசும் இடங்களும் உண்டு. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. நான்காம் பத்தின் இறுதித் திருமொழியில் அரங்கத்துப் பெருமானிடம் அவர் ஒரு முன்னேற்பாடு செய்துகொள்கிறார்: உயிர் பிரியும் வேளையில், இளைப்பு மேலிட்டு உன்னை நினைக்க இயலாமற் போகலாம், ஆகவே நினைக்கும் வல்லமை உள்ள இன்றே சொல்லிவைக்கிறேன். இதைப் பெரும்பாலும் உருக்கமான வேண்டுகோளாக மட்டுமே படிக்கிறோம். இதன் அடியில் கூர்மையான ஒரு கணிப்பு இருக்கிறது. நினைவு தன்னிலையின் ஒரு கூறு. ஆனால் அது இறுதிவரை உடன்வரும் என்பதற்கு உறுதியில்லை. நினைவிழந்த பின்னும் 'தான்' எஞ்சியிருப்பான். அவன் பொருட்டு இன்றைய 'நான்' வாக்குக் கொடுத்துவைக்க முடியும். நினைவின் தொடர்ச்சியே ஆளின் தொடர்ச்சி என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் நிலைக்கு இது நேர் எதிரானது.

ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருமொழி உடலைப் பற்றியது. நோய்களை முன்னிலைப்படுத்தி, இவ்வுடல் முன்போல் திறந்து கிடக்கும் ஊரன்று, இப்போது காவலுடைய பட்டினம், ஓடிப்போங்கள் என்கிறார் ஆழ்வார். உடலை இழிக்கும் பாடல்கள் பக்தி இலக்கியத்தில் நிறையவே உண்டு, இத்திருமொழி அவ்வகையன்று. உடல் இங்கே குடியிருப்பு. குடியிருப்பவன் மாறவில்லை, காவல்தான் மாறியிருக்கிறது.

கனவின் பதினோராம் பாசுரம்

நாச்சியார் திருமொழியின் ஆறாவது திருமொழி கோதையின் மணக்கனவு. தமிழகத்தின் பல இல்லங்களில் திருமணத்தின்போது ஓதப்படும் பகுதி இது. முதற்பத்துப் பாசுரங்களும் தோழியை விளித்து, 'நான்' என்னும் சொல்லிலேயே முடிகின்றன. ஒரு பெண்ணின் குரலில், பாசுரத்தின் கடைசி அசையாக, பத்துமுறை அடுத்தடுத்து அச்சொல் ஒலிப்பதை வெறும் இசை நிரப்பு என்று கொள்வதற்கில்லை. வினைமுற்றின் விகுதியே தன்மை ஒருமையைக் காட்டிவிடும் மொழியில் எழுவாயைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. சொல்லி, அதையும் இறுதியில் நிறுத்துவதால், கண்டது கனவு என்றாலும் கண்டவள் ஐயத்திற்குரியவள் அல்லள் என்பது அழுத்தம் பெறுகிறது.

பதினோராம் பாசுரத்தில் 'நான்' மறைந்துவிடுகிறது. ஆயனுக்காகத் 'தான்' கண்ட கனவு. வில்லிபுத்தூர்க்கோன் கோதை சொல் என்று பாட்டு படர்க்கைக்கு மாறுகிறது. இக்காலப் பேச்சு வழக்கில் பழகிய செவிக்கு இத் 'தான்' தேற்றப்பொருள் தரும் இடைச்சொல்லாக ஒலிக்கக்கூடும். 'அவனுக்காகத்தான்' என்று நாம் சொல்வதுபோல. அவ்வாறு கொண்டாலும் தொடர் பொருள் தரும். எனினும், 'கண்ட' என்னும் பெயரெச்சத்திற்கு வினைமுதல் வேண்டும். 'தான்' என்பதைப் பெயராகக் கொண்டால் அவ்விடம் நிரம்புகிறது. அதனால் பெயராகக் கொள்வதே சிறப்பு. அப்படிக் கொள்ளும்போது, பத்துமுறை 'நான்' என்றவளும் பெயர் சுட்டப்பட்ட கோதையும் ஒருத்தியே என்று அந்த ஒற்றைச் சொல் பிணைத்துவிடுகிறது.

பெரியாழ்வாரின் அம்புலிப் பாசுரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே சொன்னவள் யசோதை, விரித்தவன் விட்டுசித்தன். கோதையிடமும் அவ்வமைப்பு இல்லாமலில்லை. சிற்றில் சிதைக்கும் இரண்டாம் திருமொழியின் முடிவில், தெருவில் விளையாடும் ஆயர் சிறுமியரின் மழலைச்சொல்லைக் கோதை தமிழாக்கியதாகவே வருகிறது. எனவே இரவற்குரல் எது, தன்குரல் எது என்று பிரித்துக்காட்டும் கருவி அவள் கையில் இருந்தது. கனவுத் திருமொழியில் அவள் பிரிக்கவில்லை, பிணைத்தாள்.

பெயரும் தந்தையும்

முத்திரைப் பாசுரங்களில் கோதையின் பெயர் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. பட்டர்பிரான் கோதை, விட்டுசித்தன் தன் கோதை, புதுவையர்கோன் கோதை என்று தந்தையும் ஊரும் முன்னே வர, மகள் பெயர் பின்னே வருகிறது. ஒருவரின் தன்னிலைக்குக் குடியும் ஊரும் கூறுகள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. இதைக் கொண்டு, அவள் தந்தைக்கு அடங்கிய குரல் என்று முடிவு கட்டுவோர் பத்தாம், பதினோராம் திருமொழிகளின் இறுதிப் பாசுரங்களைக் காணவேண்டும்.

அவ்விரண்டிலும் கோதையின் பெயர் இல்லை. பயன் கூறும் பாசுரமும் இல்லை. தந்தை பெயர் மட்டும் வருகிறது. அதுவும் முத்திரையாக அன்று, பேச்சினிடையே. பத்தாம் திருமொழியில் தோழியிடம் அவள் சொல்வதன் பொருள் இது: அவரோ பெரியவர், நாம் சிறு மானிடர், என்ன செய்ய இயலும்? வில்லிபுத்தூர் விட்டுசித்தர் தம்முடைய தேவரை வரவழைக்க வல்லவரானால், வரவழைக்கட்டும், அப்போது காண்போம். 'என் தந்தை' என்று அவள் சொல்லவில்லை. ஊரார் சொல்வதுபோலப் பெயரால் சுட்டுகிறாள். 'நம் தேவர்' என்றும் சொல்லாமல் 'தங்கள் தேவர்' என்கிறாள். ஏக்கம், ஊடல், தந்தையின் பேறு மீதான நம்பிக்கை, சிறிது ஏளனம் ஆகிய எல்லாம் அந்தப் படர்க்கையில் அடங்கியிருக்கின்றன. மகளாக இருப்பதிலிருந்து ஓரடி விலகி நின்று பேசும் குரல் இது. பதினோராம் திருமொழியின் முடிவிலும், அரங்கர் உரைத்த வார்த்தையைக் கேட்டவர் விட்டுசித்தர் என்று அவரைச் சான்றுக்கு அழைக்கிறாளேயன்றி, அவர் மகள் எனத் தன்னை அறிமுகம் செய்யவில்லை.

இங்கே ஒரு பழைய விவாதத்தைத் தொட வேண்டியிருக்கிறது. ஆண்டாள் என்றொருவர் இருந்ததில்லை, பெரியாழ்வாரே அப்பெயரில் பாடினார் என்னும் கருத்தை இராஜாஜி ஒருகாலத்தில் வெளியிட்டார். அதற்குத் துணையாகச் சிலர் சுட்டுவது முத்திரைப் பாசுரங்களின் படர்க்கையை. பதின்மூன்றாம் திருமொழியின் இறுதியில் கோதையின் புருவம் வில்லை வென்றது என்று வருகிறது. ஒரு பெண் தன்னைத்தானே இவ்வாறு பாடிக்கொள்வாளா என்பது அவர்கள் வினா. இவ்வினா மரபை ஒட்டியதன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகந்தோறும் தம்மைப் படர்க்கையில் பெயர் சொல்லிப் புகழ்ந்துகொள்கிறார். குருகூர்ச் சடகோபனும் கலியனும் அவ்வாறே செய்கின்றனர். அவர்களில் எவரையும் அதுகொண்டு கற்பனை மாந்தர் என்று எவரும் கூறவில்லை. ஆண் புலவர்க்கு முத்திரையாக ஏற்கப்படுவது பெண் புலவருக்கு மட்டும் ஐயத்திற்கு இடமாவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இதற்கு எதிர்ப்புறத்தில், நாச்சியார் திருமொழி முழுவதையும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பாகப் படிக்கும் போக்கும் இன்று மிகுந்துள்ளது. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று மறுத்தாலும் இரண்டின் அடிப்படையும் ஒன்றே. 'நான்' என்பது பிளவற்ற ஒற்றைக் கரு. அது நேரடியாகப் பேசும், அல்லது இல்லாமற் போகும் என்பதே அந்த அடிப்படை. பாசுரங்கள் காட்டும் தன்னிலை அவ்வாறு அமையவில்லை.

'நாம்' என்பதன் எல்லை

திருப்பாவை பெரும்பாலும் பன்மையில் பேசுகிறது. தொடக்கத்தில் வரும் 'நாம்', 'நமக்கு' ஆகியன தோழியரை உட்படுத்திய பன்மை. கண்ணனின் முன் வந்து நிற்கும்போது 'எங்கள்' என்பது மேலோங்குகிறது. கேட்பவன் இப்போது வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். 29ஆம் பாசுரத்தில் அவனிடமே பேசும்போது மீண்டும் 'நாம்' வருகிறது. பழந்தமிழில் 'நாம்' கேட்போரை விலக்கியும் வரக்கூடும் என்பதால், இதில் பெரிய கோட்பாட்டை ஏற்றுவது மிகை. இருப்பினும் வட்டம் விரிந்தும் சுருங்கியும் செல்வதை ஓதுபவர் செவி உணரும்.

இந்தப் பன்மைக்கு நடுவே ஒருமை தலைகாட்டும் இடம் 15ஆம் பாசுரம். வெளியே நிற்கும் தோழியரும் உள்ளே உறங்குபவளும் மாறிமாறிப் பேசும் பாசுரம் அது. வாய்ச்சொல்லில் வல்லவள் யார் என்னும் வாதத்தில், உள்ளிருப்பவள் முதலில் அவர்கள்மேல் குற்றம் சுமத்தி, உடனே, சரி, அது நானாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாள். அங்கே 'நான்', 'தான்' இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறர்மேல் உள்ள குறையையும் தன்மேல் ஏற்றுக்கொள்வதே வைணவ இலக்கணம் என்று உரையாசிரியர்கள் இதனைத் திருப்பாவையின் உயிர்நிலையாகவே கொண்டனர். கூட்டத்திலிருந்து ஒருத்தி தனித்துத் தெரிவது உரிமை கோரும்போது அன்று, பழியை ஏற்கும்போது.

ஆசாரியர்கள் வகுத்தது

விசிட்டாத்துவைதம் ஆன்மாவை அறிபவன், செய்பவன், நுகர்பவன் என மூவகையாகக் காட்டும். உடல், பொறி, மனம், உயிர்ப்பு, புத்தி ஆகியவற்றிலிருந்து அதனை வேறு பிரிக்கும். இவ்வளவும் பிற தரிசனங்களிலும் சிற்சில வேறுபாடுகளோடு காணத்தக்கவை. இராமானுசரின் தனி நிலை, 'நான்' என்னும் உணர்வு பற்றியது. அத்துவைதிகளுக்கு 'நான்' என்பது தூய அறிவின்மேல் ஏறிய அகங்காரம். அது நீங்க வேண்டும். இராமானுசருக்கு 'நான்' என்பதன் பொருளே ஆன்மா. நீங்க வேண்டிய அகங்காரம் வேறு, அது உடலை 'நான்' என்று பிறழக் கொள்வது. உறங்கி எழுந்தவன் 'நான் நன்றாக உறங்கினேன்' என்று சொல்வதை அவர் சான்றாக எடுத்துக்கொள்கிறார். உறக்கத்திலும் 'நான்' அணையவில்லை. கோதையின் கனவுத் திருமொழியில் 'நான்' இறுதி அசையாக நிலைபெறுவதை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் பாசுரம் முந்தியது, பாடியம் பிந்தியது என்பதை மறந்துவிடலாகாது.

அடுத்து எழுந்த வினா, அறிவுடைமை, இறைவனுக்கு உரிமைப்பட்டிருத்தல் என்னும் இரண்டனுள் ஆன்மாவுக்கு முதன்மையான அடையாளம் எது என்பது. நம்மாழ்வார் ஆன்மாவைச் சுட்டுமிடத்தில் 'அடியேன்' என்னும் சொல்லையே ஆண்டிருப்பதைக் காட்டி, உரிமைப்பட்டிருத்தலே முதன்மை என்று உரைமரபு தீர்த்தது. வைணவப் பேச்சில் 'நான்' என்பதற்கு ஈடாக 'அடியேன்' வழங்குவது வெறும் பணிவு வழக்கன்று, இலக்கணத் தீர்ப்பின் விளைவு. முத்திரைப் பாசுரங்களில் தந்தை பெயரால் தன்னைச் சுட்டிய கோதையின் வழக்கும் இத்தீர்ப்பும் ஒரே திசையில் செல்கின்றன: யாருடையவள் என்பது சொல்லப்பட்ட பிறகே யாவள் என்பது விளங்குகிறது.

தெலுங்கில் சென்று திரும்பியவள்

1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர் ஆறு ஆசுவாசங்களில் 'ஆமுக்தமால்யத' என்னும் தெலுங்குக் காப்பியத்தை இயற்றினார். சூடிக் கொடுத்தவள் என்பதன் ஈடாகவே அப்பெயர் அமைந்தது. கதை நிகழ்வது வில்லிபுத்தூரில். விட்டுசித்தரும் கோதையும் மாந்தர்கள். பாசுரங்களில் 'நான்' என்று பேசியவள் இங்கே முழுமையாகப் படர்க்கைக்குச் சென்றுவிட்டாள். அவள் வாயில் வரும் 'நான்' அரசரின் படைப்பு.

இந்நூலில் விட்டுசித்தர் பாண்டியனுக்குக் காண்டிக்கியன், கேசித்துவசன் ஆகியோரின் வரலாற்றைச் சொல்கிறார். விட்டுணு புராணத்தின் ஆறாம் அம்சத்திலிருந்து எடுக்கப்பட்ட அது, அறியாமை மரத்திற்கு இரு விதைகள் என்கிறது: தான் அல்லாததைத் தான் என்று கொள்வது, தனதல்லாததைத் தனது என்று கொள்வது. கோதையின் கதைக்குள் ஏன் இந்தத் தத்துவப் பகுதி என்று குறை காண்போர் உண்டு. பிறர் சூட வேண்டிய மாலையைத் தான் சூடிப்பார்த்த பெண்ணைப் பற்றிய நூலில் 'தான்', 'தனது' என்னும் இரண்டையும் வினவுவது பொருத்தமற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்நூலைத் தமிழாக்கியவர் இராசபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா. அம்மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பிராகிருதக் காதா சப்தசதியைத் தமிழுக்கும், திருக்குறளைத் தெலுங்குக்கும் கொண்டு சென்றவரும் அவரே. விசயநகரக் காலத்தை ஒட்டித் தெற்கே வந்து இராசபாளையத்தில் குடியமர்ந்த ராசுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. கல்வியும் கடைவீதியும் தமிழ். இத்தகையவரிடம் தாய்மொழி எது என்று ஒரு விடையை எதிர்பார்ப்பது, கோதையிடம் நீ நானா, கோதையா என்று கேட்பதற்கு நிகர். இரு மொழியும் அவர் தன்னிலையின் கூறுகள். ஒன்று மற்றொன்றின் வேடமன்று. தமிழின் 'தான்', 'தாம்' என்பவற்றுக்குத் தெலுங்கில் 'தானு', 'தாமு' என்னும் இனச்சொற்கள் உண்டு. இலக்கணம் அங்கும் அதே வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது.

தெலுங்கு நாட்டிற்குக் கோதையின் தமிழ், தமிழாகவே சென்றதும் உண்டு. திருமலையில் மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவையே ஓதப்படுகிறது. ஓதுதல் என்னும் இச்செயலை வைத்துப் பார்த்தால், முத்திரைப் பாசுரத்தின் படர்க்கைக்கு இன்னொரு விளக்கமும் கிடைக்கிறது. பாசுரங்களைப் பிறர் ஓத வேண்டும் என்பதற்காகவே பயன் கூறும் இறுதிப் பாசுரம் அமைகிறது. ஓதுபவர் 'நான்' என்னும்போது, 'நாம்' என்னும்போது, கோதை நின்ற இடத்தில் தாம் நிற்கிறார். 'கோதை' என்று பெயர் சொல்லும்போது அவ்விடத்தை விட்டு வெளியே வந்து அவளைப் பார்க்கிறார். பாடியவளுக்கு முத்திரையாக இருப்பது ஓதுபவருக்கு உண்மையான படர்க்கையாகிறது. வைணவக் கோயில்களின் அன்றாடச் சாற்றுமுறையில் திருப்பாவையின் 29ஆம், 30ஆம் பாசுரங்கள் ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து ஓதப்படுகின்றன. முன்னதில் 'நாம்' பேசுகிறது. பின்னதில் பட்டர்பிரான் கோதை சொன்னாள் என்று வருகிறது. இரண்டையும் ஒரே கோஷ்டி, இடைவெளியின்றி, ஒரே குரலில் சேவிக்கிறது.